கோட்டும் பூட்ஸும் சேர்த்து எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். அலாஸ்காவின் வடமேற்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் கொஞ்சம் வடக்கே, கோட்செபூ என்று ஓர் ஊர். அங்கிருந்து நூர்விக் என்ற கிராமத்துக்குப் போக டிக்கெட் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டார்: "எடை எவ்வளவு?"

வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். சிரித்தபடி தராசைக் காட்டினார். "கோட்டும் பூட்ஸும் சேர்த்து." ஏறி நின்றால் ஆறு கிலோ அதிகம். வரிசையில் பின்னால் நின்ற பாட்டியும் அந்த எண்ணைப் பார்த்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

விமானம் செஸ்னா கேரவன். ஒரே என்ஜின், அதிகம் போனால் ஒன்பது பயணிகள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று விமானியே எடை பார்த்துச் சொல்கிறார். சாமான் ஏற்றி வலை போட்டுக் கட்டுவதும் அவரேதான். எனக்குப் பின்னால் டயப்பர் பெட்டிகள், கோலா டின்கள், யாருக்கோ ஒரு ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) பெல்ட்.

நூர்விக் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் ஸ்னோமொபைலில் போகலாம், கோடையில் படகில் போகலாம். ஆறு பாதி உறைந்து பாதி உறையாமல் கிடக்கும் அக்டோபரிலும், பனி உடைந்து ஓடும் மே மாதத்திலும் இரண்டும் நடக்காது. அப்போது விமானத்தை விட்டால் வேறு வழியே இல்லை.

கிராமத்துக் கடைக்குப் போகும் மாவு, அரிசியெல்லாம்கூடக் கணக்குப்படி தபால்தான்! பைபாஸ் மெயில் என்பார்கள். குறைந்தது 450 கிலோ சேர்ந்தால், தபால் அலுவலக வாசலை மிதிக்காமல் நேரே விமானத்துக்குப் போய்விடும். கட்டணம் மட்டும் தபால் கட்டணம்.

தபாலும் விமானமும் அங்கே பழைய கூட்டாளிகள். 1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் என்ற விமானி, அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் நகரிலிருந்து மெக்ராத் என்ற ஊருக்கு விமானத்தில் தபால் கொண்டுபோனார். நாய்வண்டிக்கு மூன்று வாரம் பிடிக்கிற தூரம். அவருக்கு ஆனது மூன்று மணி நேரம். ஆனால் அடுத்த ஜனவரியில் நோம் நகரில் டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது மருந்தைக் கொண்டுசேர்த்தவை நாய்கள்தான். அந்தப் பக்கத்து விமானங்கள் குளிர்காலத்துக்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தன. கூரையில்லாத விமானங்கள் வேறு, அந்தக் குளிரில் யார் ஓட்டுவது? பிற்பாடு குளிர்காலத்திலும் பறக்கத் துணிந்த விமானிகள், இறங்கியதும் என்ஜின் ஆயிலை வடித்து வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். காலையில் அதை அடுப்பில் சூடாக்கி மறுபடி ஊற்றினால்தான் என்ஜின் கிளம்பும்.

சரி, நூர்விக்குக்கு வருவோம். சரளைக்கல் ஓடுதளம். கட்டடம், கன்வேயர் பெல்ட் எதுவும் இல்லை. சறுக்குவண்டி பூட்டிய நாலைந்து ஸ்னோமொபைல்கள் காத்திருந்தன. ஆளுக்கொரு பெட்டியாகக் கைமாற்றி இறக்கினோம். பத்து நிமிஷத்தில் விமானம் போய்விட்டது. அப்புறம் அந்த அமைதி இருக்கிறதே, காதே அடைத்துக்கொண்ட மாதிரி.

மறுநாள் திரும்பியிருக்க வேண்டும். மூடுபனி. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பள்ளி வகுப்பறையில் படுக்கை, பக்கத்து வீட்டில் காரிபூ மான்கறி சூப். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலை அந்த வீட்டு அலமாரிமேல் இருந்த விஎச்எஃப் ரேடியோ (இருபக்கமும் பேசிக்கொள்ளும் ரேடியோ) கரகரத்தது: விமானம் கிளம்பிவிட்டது.

ஓடுதளத்தில் தராசு இல்லை. விமானி வாயால்தான் கேட்டார். கோட்டையும் பூட்ஸையும் சேர்த்துச் சொன்னேன். சூப்பை நினைத்து, நானே ஒரு கிலோ கூட்டிக்கொண்டேன்.