தியேட்டருக்கு வெளியே ஒரு வேலை

சேலம் நேயர்களுக்கு வணக்கம். இதய ஆபரேஷனில் செயற்கை நுண்ணறிவு என்றதும், "இனி ரோபோவே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யுமா டாக்டர்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இல்லை. ரோபோ கை இருக்கிற இடத்திலும் அதை இயக்குபவர் சர்ஜன்தான். ஆபரேஷன் தியேட்டருக்குள் இந்த மென்பொருள் செய்யும் உதவி வேறு. ரத்த அழுத்தம் சரியப்போவதைச் சில நிமிடம் முன்பே மயக்க மருந்து டாக்டருக்கு எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் நம் பக்கத்துக்கு இதன் பெரிய பயன் தியேட்டருக்கு வெளியே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண். சின்ன வயதில் தொண்டைப் புண், காய்ச்சல், மூட்டு வீக்கம் எல்லாம் வந்து, தானாகச் சரியாகியிருக்கும். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. பிள்ளை உண்டானதும் உடம்பில் ரத்தத்தின் அளவு 40, 50 சதவீதம் வரைகூட கூடும். சுருங்கிய வால்வு அதைத் தாங்காது, மூச்சு வாங்கும். "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன், பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும், அன்றைய கூலியும் போகும்.

2020இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு, ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு அனுமதி தந்தது. எக்கோ கருவியை நெஞ்சில் வைத்தால், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று திரையில் வழிகாட்டும். படம் தெளிவானதும் தானே பதிவு செய்துகொள்ளும். எக்கோ எடுத்துப் பழகாத நர்ஸுகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, இதயம் எப்படி இயங்குகிறது என்று டாக்டர் மதிப்பிடும் அளவுக்குப் படங்கள் வந்தன. ருமாட்டிக் வால்வு நோயைக் கண்டுபிடிக்கவும் இதே வழியில் ஆராய்ச்சி நடக்கிறது. இப்படி ஒரு கருவி மலையில் இருக்கும் சுகாதார நிலையத்து நர்ஸின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு, நோய் முற்றாமல் தடுக்கலாம். பலருக்கு ஆபரேஷனே வேண்டியிருக்காது.

ஒன்று மட்டும் கறாராகக் கேட்க வேண்டும். வேறு நாட்டு நோயாளிகளின் படங்களைப் பார்த்துக் கற்ற மென்பொருளை, நம் மக்களிடம் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அது என்ன கணித்தாலும் கடைசியில் படத்தை ஓர் இதய டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், பள்ளிப் பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். டாக்டர் மருந்து கொடுத்தால், காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை கொடுங்கள். நன்றி, வணக்கம்.