பாயோடு ஒட்டவைக்கும் ஊரிலிருந்து மிண்டெலோவுக்கு

(மட்டக்களப்பில் மாதந்தோறும் கூடும் ஒரு வாசிப்புக் கூட்டத்தில், "போக நினைக்கும் நாடு" என்ற தலைப்பில் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

அவைத்தலைவர் ஐயா அவர்களுக்கு முதல் வணக்கம். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஐயாதான் எங்கள் அதிபர். பூமிசாத்திர ஆசிரியர் வராத நாட்களில் அவரே வந்து, உலக வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, பிரம்பின் நுனியால் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். அந்தப் பிரம்பு யாரையும் அடித்ததில்லை. இன்றைக்கு நான் பேசப்போகும் தீவையும் அதுதான் எனக்கு முதலில் காட்டியது. அதற்காக அவருக்கு இன்னொரு வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் அருட்தந்தை அவர்களுக்கும், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் ஆசிரியருக்கும், மண்டபத்தைத் திறந்து தந்து மின்விசிறியையும் திருத்தித் தந்த நூலகருக்கும், மகளிர் அமைப்பு அக்காமாருக்கும், டச்பாரிலிருந்து வந்திருக்கும், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் சமூகத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம். அண்ணாவியார் ஐயாவைத் தனியாகச் சொல்லவேண்டும். என் மாமா அவருடைய வடமோடிக் கூத்தில் ஏழு வருடம் பெண்வேடம் கட்டியவர். மாமா ஆடி வரும்போது ஊரே எழுந்து நின்று பார்த்தது. அந்தக் களரியில் யாரும் அவரைக் கேலிசெய்ததில்லை. சின்ன வயதில் அந்தக் காட்சி எனக்கு எவ்வளவு தைரியம் தந்தது என்பதை இன்றுவரை ஐயாவிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்று விடயங்கள் பேசலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். எங்கே போக ஆசை, ஏன் அந்த ஊர், ஏன் இன்னும் போகவில்லை.

நான் தன்பாலீர்ப்பாளன். இங்கே பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே என் பயணக் கனவு மற்றவர்களின் பயணக் கனவு மாதிரி இல்லை. மற்றவர்கள் ஒரு நாட்டை நினைத்தால் குளிரா வெயிலா, விசா கிடைக்குமா என்று பார்ப்பார்கள். நான் அந்த நாட்டின் குற்றவியல் சட்டத்தை முதலில் பார்ப்பேன். உலகத்தில் இன்னமும் 60க்கு மேற்பட்ட நாடுகளில் என்னைப் போன்றவர்களின் அன்பு குற்றம். இங்கிருந்து மேற்கே போகிற எங்கள் ஆட்கள் பெரும்பாலும் டோஹாவிலோ டுபாயிலோ விமானம் மாறுகிறார்கள். அந்த இரண்டு இடத்திலும் சட்டம் எனக்கு எதிர்தான். விமானம் மாறும் மூன்று மணித்தியாலம்கூட, கூட வருபவரின் தோளில் தலைசாய்த்துத் தூங்கலாமா என்று யோசிக்கவேண்டிய பயணம் என்னுடையது.

சரி, எங்கே போக ஆசை? பாரிஸ் இல்லை. தாய்லாந்தும் இல்லை, 2025 ஜனவரியிலிருந்து அங்கே எங்களைப் போன்றவர்கள் சட்டப்படி திருமணமே செய்யலாம் என்றாலும். நான் போக நினைக்கும் இடம் கேப் வேர்டே. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீற்றர் கடலுக்குள் பத்துத் தீவுகள். 1975 ஜூலை 5இல் போர்த்துக்கல்லிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாடு. சனத்தொகை ஏறக்குறைய ஐந்து இலட்சம். மழை மிகக் குறைவு. அதில் சாவோ விசெந்தே என்றொரு தீவு, அந்தத் தீவில் மிண்டெலோ என்றொரு துறைமுக ஊர். குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை, மனித முகம் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பழைய கல்லடிப் பாலத்தில் பின்னேரங்களில் நின்று வாவியைப் பார்க்கும்போதெல்லாம், நான் மனதில் பார்ப்பது அந்த மலையைத்தான்.

ஏன் அந்த ஊர்? முதல் காரணம், 2004இல் கேப் வேர்டே எங்களைக் குற்றவாளியாக்கிய சட்டத்தை நீக்கிவிட்டது. 2013இல் அதே மிண்டெலோவில் எங்களைப் போன்றவர்களின் பெருமிதப் பேரணி (பிரைட்) நடந்தது. பக்கத்துச் செனகலில் இன்றும் அது குற்றம். கேப் வேர்டேயில் இருவர் திருமணம் பதிய இன்னும் சட்டம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் பொலிஸ் வந்து கதவைத் தட்டாது.

இரண்டாவது காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை கைமாறினாலும் பேச்சு போகவில்லை. நாம் காலையில் பாண் வாங்குகிறோம், சப்பாத்துப் போடுகிறோம், மேசையில் சாப்பிடுகிறோம், யன்னலைத் திறக்கிறோம், அலுமாரியைப் பூட்டுகிறோம். அத்தனையும் போர்த்துக்கேயச் சொற்கள். மிண்டெலோவில் போய் இறங்கினால் பசியாற ஒரு சொல்லும், காற்று வர ஒரு சொல்லும் எனக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே முன்னால் இருக்கும் பறங்கியர் பெரியவர்களுக்கு இன்னும் நிறையத் தெரியும். அவர்கள் வீட்டில் பேசுவது போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயம் உள்ளூர்ப் பேச்சோடு கலந்து பிறந்த மொழி. கேப் வேர்டேயின் வீட்டு மொழியும் போர்த்துக்கேயத்தில் பிறந்த ஒரு கிரியோல்தான்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பறங்கியத் தச்சர். பாடசாலை விடுமுறைகளில் அவருடைய பட்டறையில் மரத்தூள் கூட்டப் போவேன். பிறகு பெரியவனாகியும் போவதை விடவில்லை. சுனாமியில் அவருடைய வீடும் பட்டறையும் போய்விட்டன. மறுபடி ஒரு கொட்டில் போட்டு வேலை தொடங்கினார். ஒரு நாள் நான் கைத்தொலைபேசியில் செசாரியா எவோராவின் பாட்டொன்றைப் போட்டேன். 1941இல் மிண்டெலோவில் பிறந்த பாடகி அவர். சப்பாத்துப் போடாமல் வெறுங்காலோடு மேடையேறுவார். 2011இல் காலமானார், அந்தத் தீவின் விமான நிலையத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாடியது மோர்னா என்கிற பாட்டுவகை, பிரிந்துபோனவர்களை நினைத்து ஏங்குகிற பாட்டு.

தச்சர் சீவுளியை நிறுத்தினார். "இன்னொருக்காப் போடு மனே" என்றார். போட்டேன். "மார் எண்டு சொல்லுறாள், கேட்டியா? கடல். எங்கட அம்மம்மாவும் மார் எண்டுதான் சொல்லுவா." மூன்றாம் தரம் போடச் சொன்னார். பட்டறைக்கு வெளியே கட்டில் வாங்க வந்த ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக் கட்டில், அவசரம். அவர்களையும் உள்ளே கூப்பிட்டுப் பலகையில் இருத்தி, பாட்டைக் கேட்கச் சொன்னார். மணப்பெண்ணின் தகப்பன் கையில் அளவுநாடாவோடு பாட்டு முடியும்வரை இருந்தார். அவர்கள் போனபின் தச்சர் கேட்டார், "இது எந்த ஊர்?" சொன்னேன். "நீ போவியா?" போக ஆசை என்றேன். "மறுகா, ஆரோட போவாய்?"

அந்தக் கேள்விக்கு அதுவரை நான் யாரிடமும் உண்மை சொன்னதில்லை. கூட்டாளியோடு என்பேன், தனியாக என்பேன். அன்றைக்கு ஏனோ பொய் வரவில்லை. நான் விரும்பும் ஒருவர் இருக்கிறார், அவரும் ஆண்தான், அவரோடுதான் போவேன் என்றேன். தச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சீவுளியை எடுத்து அந்தக் கல்யாணக் கட்டிலின் சட்டத்தை இழைத்துக்கொண்டே இருந்தார். மரத்தூள் சுருள்சுருளாக விழுந்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இழைத்து முடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பிறகு நிமிராமலே சொன்னார்:

"விடுதியில போய் நிண்டா, ரெண்டு கட்டிலா ஒரு கட்டிலா எண்டு கேப்பாங்கள். வெக்கப்படாத மனே. ஒண்டு எண்டு சொல்லு."

(கைதட்டியவர்களுக்கு நன்றி. அவர் இப்போது நம்மோடு இல்லை. இருந்திருந்தால் அந்த வரிசையில் இருந்திருப்பார்.)

ஒன்று என்று சொல்ல முடியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு. ஒரு மலைநாட்டு ஊரில் ஒரு விடுதியில், இரண்டு ஆண்களுக்கு ஒரே கட்டில் அறை தரமாட்டோம் என்று இரவு பத்து மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் தரிப்பிடத்தில் விடியும்வரை குளிரில் இருந்தோம். எங்களுக்கு முறைப்பாடு கொடுக்க ஓர் இடம் இல்லை. கொடுக்கப் போனால் நாங்களே குற்றவாளிகள்.

நம்முடைய ஊரைப் பற்றி வெளியூரார் ஒரு பேச்சு சொல்லுவார்கள், உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள். மந்திரம் மாயம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அது உபசரிப்பைப் பற்றிய பேச்சு. வந்தவனை உட்காரவைத்து, தயிரும் சோறும் போட்டு, எழுந்து போக மனமில்லாமல் செய்கிற ஊர். அதே ஊரில் எங்களைப் போன்ற பிள்ளைகள் தங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். வந்தவனை ஒட்டவைக்கிற பாயில் பெற்ற பிள்ளைக்கு இடம் இல்லாமல் போவது ஏன்?

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் செய்து மனைவி வீட்டுக்குப் போவான். நல்ல வழக்கம், பெண்ணுக்கு ஒரு கூரையை உறுதிசெய்கிற வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் செய்யாத ஆணின் பாய் எந்த வீட்டில்? என் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் மச்சானின் ஆட்கள் வரும் நாளில் அந்தப் பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைக்கிறேன்.

நான் மிண்டெலோவில் கனவு காண்பது பெரிய காட்சிகளை அல்ல. மருதமுனைச் சாரம் இரண்டு கொண்டுபோவேன், ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. காலையில் கச்சுப்பா சாப்பிடுவோம். சோளனும் பயறினமும் போட்டு நெடுநேரம் வேகவைக்கிற உணவு. சோளன் விளையும் படுவான்கரையில் பிறந்த அவருக்கு அது பிடிக்காமல் போகாது. பின்னேரம் துறைமுகச் சுவரில் இருப்போம். யாராவது "இவர் யார்?" என்று கேட்டால் பதிலை யோசிக்கவேண்டியதில்லை. அறைக்குத் திரும்பினால் இரண்டு சாரமும் ஒரே கொடியில் காயும். இவ்வளவுதான் கனவு. இதற்கு ஏன் அத்திலாந்திக் சமுத்திரம்வரை போகவேண்டும் என்பதே நான் இங்கே வந்து கேட்கிற கேள்வி. பாசிக்குடாவில் இது ஏன் முடியாது?

முடியாமல் வைத்திருப்பது 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகள். தமிழ் இலக்கியத்திலோ கண்ணகை அம்மன் கோயில் வழக்கத்திலோ பிறந்த சட்டமில்லை அது. ஒரு பிரிவுக்குப் பத்து வருடம்வரை சிறை, மற்றதற்கு இரண்டு வருடம்வரை. 1995இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். எழுதியவன் தன் நாட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1967இலேயே இதைக் கைவிடத் தொடங்கிவிட்டான். இந்தியா 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விட்டது. சிங்கப்பூர் 2022இல் விட்டது. 2023இல் மொரீசியஸ். போர்த்துக்கேயர் ஆண்ட மொசாம்பிக்கும் அங்கோலாவும் விட்டுவிட்டன.

நம் நாட்டிலும் கதவு திறக்கப் பார்த்தது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்து, அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் சரி என்று சொன்ன பிறகும் அது நிறைவேறவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போனது.

வழக்கு போடுகிறார்களா, சிறைக்குப் போனவர் யார் என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் தூங்குகிறது, ஏன் எழுப்புகிறாய் என்கிறார்கள். அது தூங்கவில்லை ஐயா. அந்த விடுதி எங்களைத் திருப்பி அனுப்பிய இரவில் அது விழித்திருந்தது. காசு பறிக்க ஒருவன் "பொலிசுக்குச் சொல்லுவேன்" என்று மிரட்டும்போது அது விழித்திருக்கிறது. 1841இன் நாடோடிகள் சட்டத்தைக் காட்டித் திருநங்கை ஒருவரைத் தெருவில் மறிக்கும்போதும் அதன் கூடப்பிறந்த சட்டம் விழித்திருக்கிறது. அக்கா வீட்டு விறாந்தையில் என் பாயைச் சுருட்டும்போது என் கையில் இருப்பதும் அந்தச் சட்டத்தின் பயம்தான்.

அருட்தந்தை அவர்களிடமும் காத்தான்குடி ஆசிரியரிடமும் மரியாதையோடு ஒன்று சொல்லுவேன். எங்களை ஆசீர்வதிக்கும்படி இன்றைக்கு நான் கேட்கவில்லை. சிறைக்கு அனுப்பாதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன். நீங்கள் இருவரும் கடைசிவரை இருந்து கேட்டதற்கு நான் கடமைப்பட்டவன்.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார், முடிக்கிறேன். கிழக்கு மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். அந்தச் சட்டமூலத்தை மறுபடியும் கொண்டுவாருங்கள், வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்பதே அதில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. வாசலில் தேநீர் வைத்திருக்கும் மேசையில் கிடக்கிறது, பேனையை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். முழுப் பெயர் போடப் பயமாக இருந்தால் முதலெழுத்தும் ஊரும் எழுதுங்கள். வணக்கம்.