மூவாயிரம் ரூபாயும் ஒரு வாளி உப்புத் தண்ணீரும்

வணக்கம் மக்களே. கையில் பருத்திப்பால் டம்ளர் இல்லாததை இந்நேரம் கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நம் சுங்குடிச் சேலை வெப்சைட்டுக்கு கூகுளில் விளம்பரம் போட்டுவிட்டேன் என்று போன வீடியோவில் அலட்டிக்கொண்டேன் இல்லையா? நேற்றுதான் கணக்குப் பார்த்தேன். கட்டியது 3000 ரூபாய். விளம்பரத்துக்குக் கிடைத்தது 2542 ரூபாய் 37 காசு. முன்பணம் கட்டும் கணக்கு என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி அதிலேயே கழிந்துவிடும். எல்லோருக்கும் உள்ள விதிதான், படிக்காதது நான்தான். ஆனாலும் 457 ரூபாய் 63 காசு! எங்கள் தெரு வண்டியில் பருத்திப்பால் 15 ரூபாய். 30 டம்ளர் குடித்த பிறகும் 7 ரூபாய் 63 காசு கையில் நிற்கும். மிளகு வடைக்காவது ஆகும். ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். என்னிடம் எண் இல்லை. அதனால்தான் இந்த வாரம் டம்ளரும் இல்லை.

சரி, மீதிப் பணத்துக்கு வருவோம். கிளிக்குக்குச் சராசரி 9 ரூபாய். 280 பேர் வந்தார்கள், வாங்கியவர் ஒரே ஒருவர். யார்தான் வந்தார்கள் என்று, எதைத் தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்று காட்டும் ‘சர்ச் டேர்ம்ஸ்’ பட்டியலைத் திறந்தேன். ‘சுங்குடி சேலை சாயம் போகாமல் துவைப்பது எப்படி’. அடுத்த வரியும் துவைப்பது, அதற்கடுத்ததும் துவைப்பது! ‘பிராட் மேட்ச்’ என்று இருந்ததை நான் மாற்றவே இல்லை. அப்படி விட்டால், நாம் கொடுத்த சொல்லுக்குச் சொந்தபந்தமாக எதைத் தேடினாலும் விளம்பரம் போய் நிற்கும். சேலையை ஏற்கெனவே வாங்கித் துவைத்துக்கொண்டிருப்பவருக்கு ஆளுக்கு 9 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. துவைப்பது பற்றி நானே எழுதியிருக்கிறேனே! முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், படத்தில் வாளியும் அம்மாவின் பாதமும் மட்டும் தெரியுமே, அதே கட்டுரைதான். அதே தேடலில் மேலே ‘ஸ்பான்சர்ட்’ என்று நான், கீழே சும்மா வந்த நான். கூகுள் தேடலிலிருந்து சும்மா வந்தவர்களைக் கணக்குக் காட்டும் ‘சர்ச் கன்சோல்’ பார்த்தேன், அது இலவசம். கடைசி 28 நாளில் அந்தக் கட்டுரைக்கு மட்டும் 612 கிளிக், ஒரு பைசா செலவில்லை. அதில் வந்த மூன்று பேர் சேலையும் வாங்கினார்கள். கோயம்புத்தூர் அக்கா ஒருவர் போனிலேயே, “உப்புப் போடச் சொன்னது நீதானேம்மா?” என்று கேட்டார். விருது வாங்கியது போல் இருந்தது.

அட, ஒன்றை மறந்துவிட்டேன். விளம்பரம் போட்டால் கீழே உள்ள இலவச இடமும் ஏறும் என்று போன தடவை சொன்னேனே, அது தப்பு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. காசு தீர்ந்த அன்றே விளம்பரக் கூட்டம் காணாமல் போனது, கட்டுரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அது மேலே வர ஐந்து மாதம் ஆனது, அதையும் மறைக்கக் கூடாது. சித்திரைத் திருவிழா அடுத்த வாரம் என்றால் ஐந்து மாதத்துக்கு எங்கே போவது? அப்போது மறுபடியும் விளம்பரம் போடத்தான் செய்வேன். ஆனால் ‘எக்ஸாக்ட் மேட்ச்’தான், அதாவது நாம் கொடுத்த சொல்லையோ அதே பொருளில் உள்ளதையோ தேடினால் மட்டும். ‘துவைப்பது’, ‘சாயம்’, ‘மொத்த விலை’ மூன்றும், இந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டாதே என்று சொல்லும் நெகட்டிவ் பட்டியலில் ஏறிவிட்டன.

இன்னொன்று. நம் கடைப் பெயருக்கும் விளம்பரம் போட்டிருந்தேன். அதில் அடிக்கடி மதுரையிலிருந்தே கிளிக். யாரடா இவ்வளவு ஆசையாகத் தேடுவது என்று பார்த்தால், அம்மா! கடை வருகிறதா என்று தினமும் தேடித் தொட்டுப் பார்த்திருக்கிறார். “கீழே இருப்பதைத் தொடும்மா, அது சும்மா” என்றேன்.

“மேலே இருப்பதுதானே முதலில் கண்ணில் படுது” என்கிறார்.