குழித்துறை: கடவில் இறங்கிப் பார்த்தால்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நம் குமரி மாவட்டத்துக் குழித்துறை நகராட்சியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் நம்மில் பலரும் 'மார்த்தாண்டம் ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்போம். அந்த மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருக்கும் கடைவீதி. அதன் பழைய பேர் தொடுவெட்டி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை 'தொடுவெட்டி சந்தைக்குப் போயிட்டு வாறேன்' என்றே சொன்னார்கள். மரவள்ளி என்கிற மரச்சீனிக்கிழங்கும் ஏத்தன் வாழைக்குலையும் மட்டிப்பழமும் நல்லமிளகும் தேனும் வந்து இறங்கிய சந்தை அது. இந்த வட்டாரத்தில் தேனீப் பெட்டி வீட்டுக்கு வீடு பரவியதில், 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் தொடங்கிய கிராமப்புற மையத்துக்கும், அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்சுக்கும் பெரிய பங்கு உண்டு.

சந்தை இவ்வளவு பேர் வாங்கினாலும், நகராட்சியின் பேரில் நிற்பது ஆறுதான். துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். நம் பேச்சில் கடவு.

அந்த ஆறு குழித்துறைத் தாமிரபரணி. நெல்லைக்காரர்களின் தாமிரபரணி வேறு. மலையிலிருந்து வரும் கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. கோதையாற்றின் மேல் 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, பறளியாற்றின் மேல் 1950-களில் வந்த பெருஞ்சாணி அணை. மலையில் பெருமழை பெய்து அணைகளைத் திறந்துவிட்டால், குழித்துறையில் தாழ்வாகக் கட்டிய சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் பாயும். நடந்து போகிறவர்கள் அன்றைக்குச் சுற்றிப் போக வேண்டியதுதான். 2021 நவம்பர் மழையில் இந்த ஆறு கரையை மீறி வந்ததை மேற்கு மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 21 ஆயிரம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று பாருங்கள். விளவங்கோடு தாலுகாவே அங்கே வந்து நிற்பது போல இருக்கும். தாலுகா அலுவலகமும் கோர்ட்டும் குழித்துறையில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த தாலுகாக்களில் விளவங்கோடும் ஒன்று. எல்லை மாறினாலும் திருவனந்தபுரத்தோடு உள்ள பிழைப்பு மாறவில்லை. 1979-ல் ரயில் வந்தது. குழித்துறை ஸ்டேஷனில் சோற்றுப்பொதியோடு ஏறி, அங்கே வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். திருவனந்தபுரம் வளர வளர, இங்கே நிலத்தின் விலையும் ஏறியது, வயலும் வீடாகியது. நெரிசல் தாங்காமல் பம்மத்திலிருந்து மார்த்தாண்டம் வரை இரும்புத் தூண்களில் மேம்பாலம் கட்டினார்கள். 2018 முதல் வண்டிகள் ஊருக்கு மேலேயே போய்விடுகின்றன.

சரி, ஊரின் உயிரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி அமாவாசைக்கு வாருங்கள். வாவு என்றால் அமாவாசை. வாவுபலி என்பது அன்று ஆற்றங்கரையில் முன்னோர்க்குக் கொடுக்கும் பலி. என் அப்பா இறந்த வருடம் நான் முதல்முறை இறங்கினேன். விடியும் முன்பே கரை நிறைந்திருந்தது. ஈர வேட்டியோடு உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் பச்சரிசிச் சோற்று உருண்டை, எள், பூ. விரலில் தர்ப்பை. மந்திரம் சொல்லித் தந்தவர் பேர் கேட்டார், அப்பா பேரைச் சொல்லும்போது குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, 'மெதுவாச் சொல்லு மக்களே, ஆறு கேட்டுக்கிடும்' என்றார். இலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் விட்டேன்.

கரை ஏறினால் நகராட்சி நடத்தும் வாவுபலி பொருட்காட்சி. ராட்டினமும் மிட்டாயும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே செடிதான் விசேஷம். ஒட்டுமா, பலா, ரம்பூட்டான், கிராம்பு, நல்லமிளகுக் கொடி. கடைக்காரர் ஒட்டுக் கட்டின இடத்தை விரலால் காட்டி, நகத்தால் தோலை லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று நம்மையே பார்க்கச் சொல்வார். ஆடி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். அன்று வாங்கிய ஒட்டுமா எங்கள் முற்றத்தில் காய்க்கிறது. அதை நாங்கள் அப்பா மரம் என்கிறோம்.

அதே ஆற்றில் மற்ற நாளில் இறங்கினால் மனசு கலங்குகிறது. போன கோடையில் ஒரு கடவுக்குப் போனேன். கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வரும் ஓடை கறுப்பாக வந்து கலந்துகொண்டிருந்தது. படியில் பிளாஸ்டிக் கவர்கள். மணல் அள்ளிய பள்ளத்தில் கால் எங்கே நிற்கும் என்று தெரியவில்லை. சிறு வயதில் நாங்கள் அதே படியிலிருந்து குதித்து நீந்தியிருக்கிறோம். நகராட்சியிடம் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஓடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடட்டும். வாவுபலிக்கு மட்டும் கூட்டுகிற படிகளை மாதம் ஒருமுறையாவது கூட்டட்டும். நாமும் மேம்பாலத்திலேயே பறந்துவிடாமல், ஒரு நாள் கீழே இறங்கி, மார்த்தாண்டம் தாண்டி அந்தப் படியில் போய் உட்கார்வோம். அடுத்த ஆடி வாவுக்கு நான் அங்கேதான் இருப்பேன். வணக்கம்.