ஐலன் மோர் தீவின் கலங்கரை விளக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் லூயிஸ் தீவு இருக்கிறது. அங்கிருந்து மேற்கே அட்லாண்டிக் கடலுக்குள் சுமார் 32 கிலோமீட்டர் போனால் ஃபிளானன் தீவுகள். அவற்றில் பெரியது ஐலன் மோர். பெரியது என்றாலும் கொஞ்ச நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலே புல்வெளி, இடிந்துபோன ஒரு சிறு தேவாலயம். ஆடு மேய்ப்பவர்கள் அவ்வப்போது படகில் வந்து போனதைத் தவிர, அங்கே மனிதர்களுக்கு வேலை இல்லை.

அந்தப் பாறையின் மேல் கலங்கரை விளக்கம் கட்டும் வேலை 1895இல் தொடங்கியது. வடிவமைத்தவர் டேவிட் ஆலன் ஸ்டீவன்சன். தலைமுறை தலைமுறையாகக் கலங்கரை விளக்கங்கள் கட்டிய குடும்பம் அவருடையது. கோபுரத்தின் உயரம் 23 மீட்டர்தான். ஆனால் தீவே உயரமாக இருப்பதால் விளக்கு கடல்மட்டத்திலிருந்து 101 மீட்டர் மேலே நிற்கிறது. கல், எண்ணெய், உணவு என்று எல்லாமே படகில் வந்து, பாறை வழியாக மேலே ஏற வேண்டும். அதற்காகக் கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றுமாக இரண்டு இறங்குதுறைகள் அமைத்தார்கள். ஒரு பக்கம் கடல் கொந்தளித்தால் மறுபக்கம் இறங்கலாம். 1899 டிசம்பர் 7 அன்று விளக்கு எரியத் தொடங்கியது.

ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1900 டிசம்பரில் பணியில் இருந்த மூன்று காவலர்களும் காணாமல் போனார்கள். தலைமைக் காவலர் ஜேம்ஸ் டூகாட், உதவிக் காவலர் தாமஸ் மார்ஷல், உடல்நலமில்லாத ஒருவருக்குப் பதிலாக வந்திருந்த டொனால்ட் மெக்ஆர்தர். இந்தத் தீவின் பெயரை நீங்கள் கேட்டிருந்தால், பெரும்பாலும் அந்த 'மர்மக் கதை'யாகவே கேட்டிருப்பீர்கள். பாதி சாப்பிட்ட உணவு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி, காவலர்கள் அழுததாகச் சொல்லும் நாட்குறிப்பு... இவை எதுவும் நடந்ததல்ல. உணவும் நாற்காலியும் 1912இல் வந்த ஓர் ஆங்கிலக் கவிதையிலிருந்து பரவியவை. அந்த நாட்குறிப்பு, பல ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்க இதழ் கிளப்பிவிட்ட சரக்கு.

சரி, உண்மையில் என்ன கிடைத்தது?

டிசம்பர் 15 இரவு அந்த வழியாகப் போன ஆர்ச்டர் என்ற கப்பல், விளக்கு எரியவில்லை என்று குறித்துக்கொண்டது. ஆனால் அந்தச் செய்தி உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தீவிலும் தந்தி இல்லை, வானொலி இல்லை. லூயிஸ் கரையிலிருந்து விளக்கைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தார். மூடுபனியில் விளக்கு நாள் கணக்கில் மறைவது வழக்கம் என்பதால் அங்கும் யாரும் பதறவில்லை. மாற்றுக் காவலரோடு 20ஆம் தேதி வர வேண்டிய ஹெஸ்பெரஸ் கப்பல், மோசமான வானிலையால் 26ஆம் தேதிதான் வந்தது. கொடி ஏறவில்லை. இறங்குதுறையில் வரவேற்க ஆளில்லை. ஊதல் ஊதி, வாணமும் விட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

ஜோசப் மூர் என்ற காவலர் தனியாக மேலே ஏறிப் போனார். கதவு சாத்தியிருந்தது. அடுப்பில் பல நாட்களாகத் தீ மூட்டிய அடையாளம் இல்லை. கடிகாரம் நின்றிருந்தது. ஆனால் விளக்கு துடைத்து, எண்ணெய் நிரப்பி, அன்று மாலை ஏற்றுவதற்குத் தயாராக இருந்தது. கற்பலகையில் 15ஆம் தேதி காலை 9 மணி வரை குறிப்புகள் இருந்தன. அதாவது, காலை வேலையை அந்த மூவரும் ஒழுங்காக முடித்துவிட்டே வெளியே போயிருக்கிறார்கள்.

மேற்கு இறங்குதுறைதான் பதில் சொன்னது. கடல்மட்டத்திலிருந்து 33 மீட்டர் உயரத்தில், கயிறுகள் வைத்திருந்த பெட்டி உடைந்து, உள்ளே இருந்தவை சிதறிக் கிடந்தன. இரும்புக் கைப்பிடிகள் வளைந்திருந்தன. ஒரு டன்னுக்கும் மேலான பாறை இடம் பெயர்ந்திருந்தது. 60 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பின் புல்தரையே பிய்ந்து போயிருந்தது. அலை அவ்வளவு உயரம் வருமா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பக்கத்தில் பாறைக்குள் ஒரு குறுகிய பிளவு இருக்கிறது. புயலில் அதற்குள் நுழையும் தண்ணீர் வெளியேற வழியின்றி மேல்நோக்கி வெடித்துக் கிளம்பும்.

மூன்று மழை அங்கிகளில் மெக்ஆர்தருடையது மட்டும் வீட்டிலேயே இருந்தது. டிசம்பர் குளிரில், அங்கியைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறார். ஒருவராவது விளக்கருகே இருக்க வேண்டும் என்பது விதி. அதை அவர் மீறியிருக்கிறார் என்றால், கூட வேலை செய்தவர்களுக்கு ஏதோ ஆபத்து என்று கண்டோ கேட்டோதான் ஓடியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

விசாரிக்க வந்த கண்காணிப்பாளர் ராபர்ட் முயர்ஹெட், அந்த மூவரையும் நன்றாக அறிந்தவர். டிசம்பர் 7 அன்று தீவுக்கு வந்து கைகுலுக்கி விடைபெற்றுப் போனவர். பெட்டியையும் கயிறுகளையும் பத்திரப்படுத்த 15ஆம் தேதி பிற்பகல் இறங்கியபோது பேரலை ஒன்று அவர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதினார். உடல்கள் கிடைக்கவே இல்லை. பேய், கடல் பாம்பு, கொலை என்று ஆளாளுக்குக் கதை கட்டியவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படித்திருக்கலாம். வேலையில் இருக்கும்போது இறந்த மூன்று பேரைப் பற்றிய பேச்சு இது. மெக்ஆர்தரைக் கொலைகாரர் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு சான்றும் இல்லை.

26ஆம் தேதி இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். நண்பர்களைக் காணாத அதே தீவில், கப்பலிலிருந்து இறங்கிய மூன்று பேரோடு மூர் தங்கினார். அன்றிரவே விளக்கை ஏற்றினார்கள். அப்புறம் 1925இல் தீவுக்கு வானொலித் தொடர்பு வந்தது. 1971 செப்டம்பரில் விளக்கு தானியங்கி ஆனது. காவலர்கள் தீவை விட்டுக் கிளம்பினார்கள். விளக்கு மட்டும் இன்றும் இயங்குகிறது.

நன்றி, வணக்கம்.