படகு மலையேறிய இரவு

அவையோருக்கு வணக்கம்.

தன்னார்வ மீட்புப் பணியின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமாக 1824-இல் தொடங்குவார்கள். வில்லியம் ஹிலாரியின் முயற்சியால் பிரிட்டனில் உயிர்மீட்புப் படகுச் சங்கம் பிறந்த ஆண்டு அது. படகில் போனவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர் மீனவர்கள். சரி, அதை அங்கேயே விடுகிறேன். எனக்கு ஓர் இரவைப் பற்றித்தான் பேச ஆசை.

1899 ஜனவரி 12. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் லின்மத் என்ற சிற்றூர். முன்னால் கடல், பின்னால் எக்ஸ்மூர் மேடு. மாலையில் தந்தி வந்தது. இழுவைக் கப்பலின் வடம் அறுந்து, ஃபாரஸ்ட் ஹால் என்ற பாய்மரக் கப்பல் போர்லாக் வீர் என்ற சிறு துறைமுகத்தின் பக்கம் தத்தளிக்கிறது. அதில் 18 பேர்.

லின்மத்தில் 'லூயிசா' என்ற மீட்புப் படகு இருந்தது. ஆனால் புயல் அதைக் கடலில் இறக்கவே விடவில்லை. படகுத் தலைவர் ஜாக் குரோகம் ஒரு யோசனை சொன்னார்: தரைவழியாக இழுத்துக்கொண்டு போவோம், போர்லாக் வீரில் இறக்குவோம். தூரம் சுமார் 21 கிலோமீட்டர். நடுவில் 400 மீட்டருக்கும் மேல் ஏற்றம். கேட்டவர்கள் சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்கிறோமே, அதுதான் நடந்தது. சுமார் நூறு பேர், இருபது குதிரைகள், இருட்டு, மழை. பாதையை அகலப்படுத்த ஆறு பேர் கடப்பாரை, மண்வெட்டியோடு முன்னால் போனார்கள். கவுண்டிஸ்பரி மேட்டில் வண்டிச் சக்கரம் கழன்றது, மாட்டினார்கள். அங்கேயே பலர் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கடினமான ஏற்றம் முடிந்திருந்தது. மிஞ்சியவர்கள் இருபது பேர் போல.

அப்புறம் பாதை குறுகியது. வண்டி நுழையாது. படகை வண்டியிலிருந்து இறக்கி, மரக்கட்டைகளைப் போட்டு அதன்மேல் இழுத்தார்கள். வண்டி வயல்வெளி வழியே சுற்றி வந்தது. போர்லாக் இறக்கம் ஏற்றத்தைவிட மோசம்: கயிற்றைப் பிடித்துப் படகைத் தடுத்துத் தடுத்து இறக்க வேண்டும். குறுக்கே நின்ற ஒரு தோட்டச் சுவரை இடித்துவிட்டுப் போனார்கள்.

விடியும் நேரத்தில் கடலை அடைந்தார்கள். இரவெல்லாம் இழுத்த அதே கைகள் உடனே துடுப்பைப் பிடித்தன. 18 பேரும் பிழைத்தார்கள். குதிரைகளில் நான்கு செத்துப்போயின.

வரலாறு எழுதுகிறவர்கள் படகில் ஏறியவர்களைத்தான் எண்ணுவார்கள். எனக்கு அந்தக் கடப்பாரைக்காரர்கள் ஆறு பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். பாதை வெட்ட ஆளில்லாத ஊரில் மீட்புப் படகு இருந்து என்ன செய்யும்?

லின்மத்தின் மீட்பு நிலையம் 1944-இல் மூடப்பட்டது. 1999-இல், நூற்றாண்டு நினைவாக, அதே பாதையில் மறுபடி ஒரு படகை இழுத்துப் பார்த்தார்கள். நல்ல சாலை, பட்டப்பகல். புயலை மட்டும் கூப்பிடவில்லை.