இன்றிரவுக்கு ஒரு படுக்கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் பொங்கல் விழாவுக்கு வந்து ஸ்காபரோ மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"ரொறன்ரோவில் வீடில்லாத இளையோருக்கு முதலில் வேண்டியது குளிர்கால அவசரத் தங்குமிடமா, நிரந்தர வீடா?" இதுதான் தலைப்பு. தங்குமிடம்தான், அதை உடனே பெருக்க வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தலைவர் பின்லாந்தை எடுத்துக்காட்டினார். அங்கே 2008இலிருந்து முதலில் வீட்டைக் கொடுக்கிறார்கள், மற்றதெல்லாம் பிறகு. தங்குமிடத்துக்குப் போடும் காசை வீடு கட்டப் போடுங்கள் என்றார். நல்ல வாதம், நான் மதிக்கிறேன். ஆனால் பின்லாந்துக் கதையை முழுதாகப் பார்ப்போம். ஹெல்சிங்கியில் 1985இல் 2,000க்கு மேற்பட்ட தங்குமிடப் படுக்கைகள் இருந்தன. 2016இல் 52. இடையில் 31 ஆண்டுகள். அந்த 31 ஆண்டும் வீடு வரும்வரை சனம் படுக்க இடம் இருந்தது, நடுவர் அவர்களே! சால்வேஷன் ஆர்மி நடத்திய 250 படுக்கை விடுதியை 81 வீடுகளாக மாற்றினார்கள். விடுதி இருந்ததால்தானே அதை வீடாக்க முடிந்தது? 2016லும்கூட அந்த 52 படுக்கைகளை அவர்கள் மூடவில்லை. பின்லாந்து எங்கள் பக்கத்துச் சாட்சி.

வீடு வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த நகரத்தில் ஒரு படுக்கையறை கொண்ட மானிய வீட்டுக்குப் பெயர் எழுதினால் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பதினேழு வயதில் எழுதிய பிள்ளைக்கு இருபத்தேழு தாண்டித்தான் சாவி கைக்கு வரும். பசித்து வந்தவனிடம் "நாற்று நட்டிருக்கிறேன், அறுவடைக்கு வா" என்று சொல்வோமா?

சரி, இன்றைய இரவைப் பார்ப்போம். சுரங்க ரயில் இரவு ஒன்றரை மணியளவில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடுவது இரவு பஸ்ஸும் இரவு ஸ்ட்ரீட்காரும். போக இடமில்லாத பிள்ளைகள் அதில் ஏறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறார்கள், பிறகு திரும்பி வருகிறார்கள். விடியும்வரை இதுதான் படுக்கை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை வெளியே நிற்க வேண்டும். காற்றோடு சேர்ந்து குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். நனைந்த சப்பாத்தோடு நின்றால், பூச்சியத்துக்கு மேலே இருக்கும்போதே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் "இன்றைக்கு அவ்வளவு குளிரில்லை, குளிர்காய இடம் தரும் வெப்ப மையம் திறக்கத் தேவையில்லை" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நகரின் வெப்ப மையங்கள் பொதுவாக மைனஸ் 5 என்று முன்னறிவிப்பு வந்தால்தான் திறக்கின்றன. மைனஸ் 3இல் அந்தப் பிள்ளை எங்கே போவது?

2017 டிசம்பரில் நகரில் உள்ள மொஸ் பார்க் இராணுவக் கட்டடத்தை மத்திய அரசிடம் தங்குமிடமாகக் கேட்க வேண்டும் என்ற யோசனையை நகரசபை வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிறகு கடுங்குளிர் வந்தது. 2018 ஜனவரியில் அதே கட்டடத்தைத் திறந்தார்கள். கட்டடம் முதலும் அங்கேதான் நின்றது, மனம்தான் வரவில்லை. அந்த இடைப்பட்ட வாரங்களில் வெளியே படுத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

1987இல் இதே நகரத்தில் வீடில்லாத ஒருவர் குளிரில் இறந்தபோது, அவரை அறிந்த செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளி மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் சூசன் மொரன் அவர்களோடு சேர்ந்து, குளிர் இரவுகளில் கதவு திறக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அது தேவாலயம் தேவாலயமாகப் பரவியது. வீடு கட்டும்வரை பொறுப்போம் என்று அந்தப் பிள்ளைகள் நினைக்கவில்லை.

எங்களுக்கும் இது தெரியாததா? பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். தெருவுக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் கல் திண்ணை. வழிப்போக்கனை ஊர் பெயர் கேட்காமல் படுக்கவிட்ட இடம் அது. 1995 ஒக்ரோபரில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலம் கடந்தபோது, தென்மராட்சிப் பள்ளிக்கூடங்களில்தானே பாய் விரித்தோம்? கூரை கிடைத்த அந்த முதல் இரவை மறந்தவர் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள்.

எதிரணியிலிருந்து இன்னொரு வாதம் வந்தது. தங்குமிடம் திறந்தால் பிள்ளைகள் சின்னக் கோபத்துக்கும் வீட்டை விட்டுப் போய்விடுவார்களாம். 2016இல் கனடா முழுவதும் வீடற்ற இளையோர் 1,103 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர்களில் 63 சதவீதத்தினர் சிறுவயதிலேயே அடி, வன்முறை, புறக்கணிப்பு போன்றவற்றை அனுபவித்தவர்கள். 40 சதவீதத்தினர் பதினாறு வயதுக்கு முன்னரே முதன்முறை வீடிழந்தவர்கள். சின்னக் கோபத்தில் யாரும் மைனஸ் பதினைந்தில் போய் நிற்பதில்லை. தான் யாரை விரும்புகிறேன் என்று சொன்னதற்காகத் துரத்தப்பட்ட பிள்ளைகளும் இதில் உண்டு. எங்கள் சமூகத்தில் அப்படி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஏனென்றால் எனக்கு ஒரு பிள்ளையைத் தெரியும். என் மகனோடு படித்தவன், தமிழ்ப் பிள்ளைதான். ஒரு பெப்ரவரி மாதம் "படிக்க வந்தேன் அன்ரி" என்று வந்தவன் எங்கள் பேஸ்மென்ட்டில் படுத்தான். அடுத்த நாளும் படுத்தான். அவன் பள்ளிப் பையில் புத்தகம் இல்லை, உடுப்பும் பல்துலக்கியும் இருந்தன. ஏன் என்று கேட்டேன், தலையைக் குனிந்தான். பதினொரு நாள் இருந்தான். பிறகு எங்கள் வீட்டுக்கு உறவினர் வந்தார்கள், அறை தேவைப்பட்டது. "சிநேகிதன் வீட்டுக்குப் போறேன்" என்றான். எந்தச் சிநேகிதன், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொறுப்பு என் தலையில் வந்துவிடும் என்று பயந்தேன். சோபாவில் இருந்து சோபாவுக்கு மாறும் இந்தப் பிள்ளைகள் தெருவில் நடத்தும் எந்தக் கணக்கெடுப்பிலும் முழுதாக அகப்பட மாட்டார்கள்.

அப்புறம், பெரியவர்களின் தங்குமிடம் இருக்கிறதே என்பார்கள். ஐம்பது வயது ஆண்கள் நிறைந்த ஒரு கூடத்தில் பதினேழு வயதுப் பெண்பிள்ளை கண் மூடுவாளா? அவள் இரவு பஸ்ஸைத்தான் தேர்வு செய்வாள். அதனால்தான் 1982இலிருந்து கவனன்ட் ஹவுஸ் போன்ற தங்குமிடங்கள் பதினாறு முதல் இருபத்துநான்கு வயது வரையானவர்களுக்கென்றே இயங்குகின்றன. எற்றோபிக்கோவில் உள்ள யூத் வித்தவுட் ஷெல்டரில், பள்ளிக்கூடத்தைத் தொடர்கிற பிள்ளைகளுக்கென்று தனித் திட்டமே உண்டு. அங்கே கிடைப்பது படுக்கை மட்டுமல்ல. தொலைந்துபோன சுகாதார அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப, மானிய வீட்டுக்குப் பெயர் எழுத, ஆசிரியரோடு கதைக்க ஓர் ஆள் இருப்பார். எதிரணி கேட்கும் அந்த நிரந்தர வீட்டுக்கான விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து விழுவதே பல பிள்ளைகளுக்கு இந்த மேசையில்தான்.

ஆனால் இடம் போதவில்லை. 2023 மே மாதத்தில் வீடின்மையை அவசரநிலை என்று அறிவித்தது இந்த நகரசபைதான். இடம் கேட்டு அழைத்தும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையையும் நகரமே வெளியிடுகிறது. அவசரநிலை என்றால் அவசரமாகச் செய்யுங்கள். வெப்பமானியைப் பார்க்காமல் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒவ்வோர் இரவும் திறந்திருக்கும் இளையோர் படுக்கைகள் வேண்டும். காலை ஏழு மணிக்கு வெளியே அனுப்பக் கூடாது. ஸ்காபரோப் பிள்ளைக்கு ஸ்காபரோவிலேயே இடம் வேண்டும், அவன் முதல் பாட வேளைக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

நடுவர் அவர்களே, நாங்கள் இங்கிருந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மணிக்கு அதன் கதவை மூடுவார்கள். அப்போது வெளியே வரும் பிள்ளைக்கு எங்கே போவது என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அதை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.